பத்து கிகாபிட் வந்தும் ‘லேக்’ ஏன் தீரவில்லை?

இரவு ஒன்பது மணிக்குப் பல வீவக வீடுகளில் ஒரே சண்டைதான் நடக்கிறது. அறைக்குள் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ அல்லது ‘வேலரண்ட்’ விளையாடும் பிள்ளை, “நெட் லேக் ஆகுது” என்று கத்துகிறான். கூடத்தில் தொடர் நாடகத்தைத் தடையின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு அது தோற்றவன் சொல்லும் சாக்காகத் தெரிகிறது. வேகச் சோதனை செய்தால் 500, 600 மெகாபிட் என்று எண்கள் நன்றாகவே வருகின்றன. இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டால், இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறலாமே என்ற யோசனை கிடைக்கிறது. இரண்டாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. புதுப் பெட்டி வருகிறது. லேக் மட்டும் போவதில்லை.

இந்தக் காட்சி இப்போது கூடுதல் கவனத்துக்குரியது. நாடு தழுவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த, 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 2026 வரை 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்வதாகத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அறிவித்தது. 2028க்குள் 500,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்த வேகத்தில் இணைந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. நிறுவனங்கள் 10 கிகாபிட் திட்டங்களைப் போட்டி போட்டு விற்கின்றன. விளையாட்டாளர்களுக்கென்றே தனித் திட்டங்களும் இருக்கின்றன.

நாட்டின் எதிர்காலத் தேவைக்கு அந்த முதலீடு அவசியமானதே. ஆனால் விளையாட்டில் ஏற்படும் தாமதத்தைப் போக்கவென்று அதை வாங்கும் குடும்பம், பெரும்பாலும் தன் நோய்க்கு வேறு நோயின் மருந்தை வாங்குகிறது.

வேகம் வேறு, தாமதம் வேறு

இணையத் திட்டத்தின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் எண், ஒரு வினாடியில் எவ்வளவு தகவல் வரும் என்பதைச் சொல்கிறது. விளையாட்டுத் திரையின் ஓரத்தில் ‘பிங்’ என்று தெரியும் எண்ணோ, அனுப்பிய ஒரு சிறு தகவல் சர்வரைத் தொட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைச் சொல்கிறது. ஒரு பேருந்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பது ஒரு கேள்வி. அது உட்லண்ட்ஸிலிருந்து தெம்பனிஸ் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது வேறு கேள்வி. ஒற்றை மாடிப் பேருந்துக்குப் பதிலாக இரட்டை மாடிப் பேருந்தை விட்டால் கூடுதல் பேர் போகலாம். பயண நேரம் குறையாது.

கணக்குப் போட்டாலே இது விளங்கும். இணையத்தில் தகவல் சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. வழக்கமான பெரிய பொட்டலம் ஒன்றின் அளவு 1,500 பைட். அதை 1 கிகாபிட் இணைப்பில் ஏற்ற 12 மைக்ரோவினாடி ஆகும். 10 கிகாபிட் இணைப்பில் 1.2 மைக்ரோவினாடி. மிச்சமாகும் நேரம் ஏறத்தாழ 11 மைக்ரோவினாடி, அதாவது ஒரு மில்லிவினாடியில் நூற்றில் ஒரு பங்கு. 80 மில்லிவினாடி பிங்கில் தவிக்கும் பிள்ளைக்கு அதனால் எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை.

ஆட்டம் நடக்கும்போது தேவைப்படும் தகவல் அளவும் மிகக் குறைவு. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு வினாடிக்கு ஒரு மெகாபிட்டைவிடக் குறைவாகவே போதும். விளையாட்டைப் பதிவிறக்கம் செய்வது வேறு கதை; இன்றைய கணினி விளையாட்டுகள் சில 100 கிகாபைட்டையும் தாண்டுகின்றன. அங்கே கூடுதல் வேகம் உண்மையாகவே உதவும். ஆட்டத்தில் உதவாது.

ஆட்டத்தில் நேரத்தின் அருமை வேறு. வினாடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி. 100 மில்லிவினாடி தாமதம் என்றால், எதிரி நின்ற இடத்திலிருந்து ஆறு படங்கள் நகர்ந்துவிட்ட பிறகே சுட்ட செய்தி போய்ச் சேருகிறது. ‘வேலரண்ட்’ சர்வர் வினாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைப் புதுப்பிக்கிறது. பிங் நிலையாக 40 ஆக இருந்தாலும் பழகிக்கொள்ளலாம். 10க்கும் 150க்கும் இடையே தாவினால் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே “லேக்” என்று பிள்ளை சொல்வது எப்போதும் சாக்கு அல்ல. பெற்றோர் பார்க்கும் நாடகம் பல வினாடிக் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் அதே தடுமாற்றம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இருவரும் உண்மையையே சொல்கிறார்கள்.

தொலைவு சொல்லும் கணக்கு

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்கிறது. போய்வர 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிவினாடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரிலிருந்து தோக்கியோ ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர்; நேர்க்கோட்டில் கம்பிவடம் போட்டாலும் பிங் 53க்குக் கீழே இறங்காது. சிட்னிக்கு 63, லண்டனுக்கு 109, லாஸ் ஏஞ்சலிஸுக்கு 141. கடலடிக் கம்பிவடங்கள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையான எண்கள் இவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும். எந்தத் திட்டம் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது.

சென்னையில் இருக்கும் மாமா மகனுடன் சேர்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். சென்னையையும் சிங்கப்பூரையும் 2002 முதல் நேரடியாக இணைக்கும் ‘ஐ2ஐ’ கடலடிக் கம்பிவடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிவினாடி கடலுக்கே போய்விடும். சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் அங்கிருப்பவர் அந்தத் தாமதத்தைச் சுமப்பார். மும்பை சர்வரைத் தேர்ந்தெடுத்தால் இங்கிருப்பவர் சுமப்பார். அது யாருடைய இணைய நிறுவனத்தின் குறையும் அல்ல.

கம்பிவடம் அறுந்தால் வழியே மாறிவிடும். 2025 செப்டம்பர் 6ஆம் தேதி செங்கடலில் கடலடிக் கம்பிவடங்கள் அறுந்தபோது, மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் தகவல் போக்குவரத்தில் தாமதம் கூடக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆசியாவிலிருந்து ஐரோப்பிய சர்வர்களில் விளையாடுவோருக்கு அத்தகைய நாள்களில் பிங் உயரலாம். சர்வர் பக்கமும் கோளாறு வரும். அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி அமேசானின் மேகக் கணினிச் சேவை அமெரிக்காவில் தடைப்பட்டபோது ‘ஃபோர்ட்நைட்’, ‘ரோப்லாக்ஸ்’ போன்ற விளையாட்டுகள் உலகின் பல பகுதிகளில் பாதிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் வீட்டு ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

ஆனால் சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. தென்கிழக்காசியாவுக்கான விளையாட்டு சர்வர்கள் பல இந்தத் தீவிலேயே இருக்கின்றன. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 50 கிலோமீட்டர்தான். தொலைவினால் வரும் தாமதம் அரை மில்லிவினாடி. இடையில் உள்ள கருவிகளின் நேரத்தையும் சேர்த்தால்கூட, கம்பி வழி இணைத்த கணினிக்கு உள்ளூர் சர்வரின் பிங் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே இருக்க வேண்டும். உள்ளூர் சர்வரிலேயே பிங் 80, 100 என்று தாவினால் கடலைக் குறை சொல்ல முடியாது. முதல் சந்தேகம் வீட்டுக்குள்ளே திரும்ப வேண்டும்.

சுவரும் அண்டை வீடும்

கண்ணாடி இழை வீட்டு வாசல் வரை ஒளியின் வேகத்தில் வருகிறது. அங்கிருந்து படுக்கையறை வரையிலான கடைசிச் சில மீட்டர் வைஃபையின் பொறுப்பு. பெரும்பாலான தாமதம் இங்கேதான் பிறக்கிறது.

வைஃபையில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டும் வீண். மறுபடி அனுப்ப வேண்டும். வீட்டில் உள்ள கருவிகள் மட்டுமல்ல, அதே அலைவரிசையைப் பயன்படுத்தும் பக்கத்து வீடும் மேல்மாடி வீடும் கீழ்மாடி வீடும் இந்த வரிசையில் நிற்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே மூன்று. புளூடூத் காதொலிக் கருவியும் அதே பகுதியில்தான் இயங்குகிறது. அடுக்குமாடி வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் அந்தப் பகுதி, விழாக்கால ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா போல் நெரிசலாகிவிடும்.

அடுத்து சுவர். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று எல்லாரும் சொல்லும் காப்பறை இருக்கிறது. அதன் தடித்த கான்கிரீட் சுவரில் இரும்புக் கம்பிகள் நிறைந்திருக்கின்றன, கதவும் எஃகு. அழகு கெடாமல் இருக்க ரௌட்டரை அதற்குள் வைத்து மூடும் வீடுகள் உண்டு. குண்டைத் தாங்கக் கட்டிய சுவர் வைஃபை அலையையும் தாங்கிக்கொள்ளும். வெளியே கசிவது பலவீனமான அலை. அதில் பொட்டலங்கள் தவறித் தவறி, மறுபடி மறுபடி அனுப்பப்படுகின்றன.

மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் நெரிசல். அம்மாவின் கைப்பேசி அன்று எடுத்த காணொளிகளை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறது. தங்கை இணையவழித் துணைப்பாடத்தில் இருக்கிறாள். அண்ணனின் கணினி புதுப்பிப்பை இறக்குகிறது. இணைப்பின் எந்த இடம் குறுகலோ அங்கே பொட்டலங்கள் வரிசையில் சேர்கின்றன. பல ரௌட்டர்களும் வைஃபை கருவிகளும் எதையும் தவறவிடக்கூடாது என்று மிக நீண்ட வரிசையை வைத்திருக்கின்றன. விளையாட்டின் சிறு பொட்டலம், பெரிய காணொளிக் கோப்பின் ஆயிரம் பொட்டலங்களுக்குப் பின்னால் நிற்கிறது. மொத்தத் தகவல் வேகம் குறைவதில்லை என்பதால் வேகச் சோதனையில் எண் அழகாகவே வரும். பல வினாடிகளின் சராசரியைக் காட்டும் அந்தச் சோதனை, இடையில் கால் வினாடி நேர்ந்த தடுமாற்றத்தைக் காட்டுவதில்லை.

காசு செலவழிக்கும் முன்

திட்டத்தை மாற்றுவதற்கு முன் அரை மணி நேரச் சோதனை ஒன்று போதும். மூன்று இடங்களை வரிசையாக அளக்க வேண்டும்.

முதலாவது, கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையே. கணினியின் கட்டளைத் திரையில் ‘பிங்’ கட்டளையை ரௌட்டரின் முகவரிக்கு நூறு முறை அனுப்பலாம். அந்த முகவரி பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். கம்பியில் இணைத்திருந்தால் ஒரு மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும். நல்ல வைஃபையில் சில மில்லிவினாடி. இங்கேயே 50, 100 என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள்தான். சேவை நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது, அதே சோதனையை நீண்ட லேன் கம்பியால் கணினியை ரௌட்டருடன் இணைத்துச் செய்வது. கம்பியில் ஆட்டம் சீராகிவிட்டால் குற்றவாளி வைஃபை என்று உறுதி. அந்தக் கம்பியையே ‘டிரங்கிங்’ போட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோவதுதான் மிக மலிவான, மிக உறுதியான தீர்வு. முடியாதென்றால் ரௌட்டரைக் காப்பறையிலிருந்தும் தொலைக்காட்சி அலமாரியிலிருந்தும் வெளியே எடுத்து, உயரமாக, திறந்த இடத்தில் வைக்கலாம். கைப்பேசியில் விளையாடுவோர் 2.4ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரௌட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடிப் பார்க்கலாம். 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நெரிசல் இன்னும் குறைவு. ஆனால் அந்த அலை சுவர் தாண்டத் திணறும். ‘மெஷ்’ பெட்டிகள் வாங்கினால் அவற்றுக்கிடையே கம்பி இழுப்பது நல்லது. ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு வைஃபையிலேயே தாவும்போது ஒவ்வொரு தாவலும் தாமதத்தைக் கூட்டும்.

மூன்றாவது, வீடு ஓய்ந்திருக்கும்போது ஒருமுறையும், வேண்டுமென்றே ஒரு பெரிய காணொளியை ஏற்றிக்கொண்டே ஒருமுறையும் பிங்கை அளப்பது. இரண்டாவது எண் பல மடங்கு எகிறினால் வரிசைதான் சிக்கல். ரௌட்டரில் வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்கலாம். இல்லையென்றால் மேகச் சேமிப்பையும் புதுப்பிப்பையும் நள்ளிரவுக்கு மாற்றி வைக்கலாம்.

விற்பனையில் உள்ள வேறு சில ‘தீர்வுகள்’ குறித்து எச்சரிக்கை தேவை. டிஎன்எஸ் முகவரியை மாற்றுவது, இணையத்தளத்தின் பெயரைத் தேடும் நேரத்தை மட்டுமே மாற்றும். ஆட்டத்தின் நடுவே பிங்கைத் தொடாது. விளையாட்டுக்கென விற்கப்படும் விபிஎன் சேவை, நிறுவனத்தின் வழித்தடம் உண்மையிலேயே மோசமாக இருந்தால்தான் உதவும். மற்ற நேரங்களில் அது சுற்றுவழி. எட்டுக் கொம்பு வைத்த ரௌட்டரும் காப்பறைக்குள் வைத்தால் பயன் தராது.

நிறுவனத்தின் பங்கு

இத்தனையும் சரியாக இருந்து, கம்பி வழியிலும் மாலை நேரத்தில் மட்டும் பிங் உயர்ந்தால், அப்போது கேள்வி நிறுவனத்தை நோக்கித் திரும்புகிறது. இரு நிறுவனங்களின் கட்டமைப்புகள் சந்திக்கும் இடத்தில் நெரிசல் இருக்கலாம். ஒரே ஊரில் உள்ள சர்வருக்கும் தகவல் வெளிநாடு போய்ச் சுற்றி வரும் வழித்தடக் கோளாறும் நேரலாம். வழித்தடத்தைக் காட்டும் ‘டிரேஸ்ரூட்’ பதிவை, காலை, இரவு என இரு நேரமும் எடுத்து, தேதியுடன் அனுப்பினால் தொழில்நுட்பப் பிரிவுக்கு அது ஆதாரம். “நெட் ஸ்லோ” என்ற புகாருக்கு “வேகம் சரியாக இருக்கிறதே” என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் பொய்யும் இருக்காது.

இங்கேதான் இது ஒரு வீட்டுச் சிக்கல் என்ற எல்லையைத் தாண்டுகிறது. வாடிக்கையாளர் வாங்கும்போது காணும் எண் வேகம். அவர் அனுபவிக்கும் குறை தாமதம். இரண்டையும் ஒரே சீட்டில் காட்டும் நடைமுறை உலகில் இல்லாதது அல்ல. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய இணையச் சேவை நிறுவனங்கள், உணவுப் பொட்டலத்தின் சத்துப் பட்டியல் போன்ற ஓர் அட்டையை விற்பனையின்போது காட்ட வேண்டும். விலை, வேகம் ஆகியவற்றோடு வழக்கமான தாமதமும் அதில் இடம்பெறுகிறது. ஆஸ்திரேலியாவில் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் வீடுகளில் அளவீட்டுக் கருவிகளை வைத்து, நிறுவனம் வாரியாகத் தாமதத்தையும் அறிக்கையாக வெளியிடுகிறது.

தொழில்நுட்பமும் அந்தத் திசையில் நகர்கிறது. பொட்டலங்களின் வரிசையைக் குறுக்கி வைக்கும் ‘எல்4எஸ்’ முறைக்கான இணையத் தர ஆவணங்கள் 2023 ஜனவரியில் வெளியாயின. அமெரிக்காவின் காம்காஸ்ட் 2025 ஜனவரியில் அதைச் சில நகர்களில் வாடிக்கையாளர்களுக்குத் தரத் தொடங்கியது. கூடுதல் கிகாபிட் இல்லாமலேயே தாமதத்தைக் குறைக்கும் முயற்சி அது.

சிங்கப்பூர் விளையாட்டுத் துறையில் பெயர் வாங்கிய நகர். ‘டோட்டா 2’ உலகப் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ 2022 அக்டோபரில் இங்குதான் தென்கிழக்காசியாவில் முதன்முறையாக நடந்தது. 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரமும் இங்கே நடந்தது. அத்தகைய ஊரில், திட்டத்தை விற்கும் பக்கத்தில் கிகாபிட்டுக்குப் பக்கத்திலேயே மாலை நேரத் தாமதமும் அதே அளவு எழுத்தில் நிற்க வேண்டும் என்று பயனீட்டாளர்கள் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

விளையாட்டாளர்களுக்கு மட்டும் உரிய கோரிக்கையும் அல்ல. காணொளி வழி மருத்துவரிடம் பேசும் தாத்தாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்பதும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் கூட்டத்தில் மற்றவர் பேச்சை அறியாமலேயே இடைமறிப்பதும் இதே தாமதத்தின் வேலைதான். அவர்கள் அதற்கு ‘லேக்’ என்று பெயர் வைப்பதில்லை. தங்கள் கைப்பேசி பழையதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் அதை முதலில் உணர்ந்து சொல்பவர் பெரும்பாலும் விளையாடும் பிள்ளைதான்.

10 கிகாபிட் திட்டம் யாருக்கும் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. பலர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைக் கையாளும் வீட்டுக்கும், காணொளித் தொழில் செய்பவருக்கும் அது பயன்தரும். ஆனால் இன்றைய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் லேன் இணைப்பு 1 அல்லது 2.5 கிகாபிட்டோடு நின்றுவிடுகிறது. திட்டம் மாறிய பிறகு சில வீடுகளில் ஆட்டம் சீராவதும் உண்மை. அங்கே பலன் தந்தது அநேகமாகத் திட்டத்தோடு வந்த புதிய ரௌட்டர்தான். 10 கிகாபிட் அல்ல. அந்த வேறுபாடு தெரிந்தால், ரௌட்டரை மட்டும் மாற்றுவதா, பத்து மீட்டர் லேன் கம்பி வாங்குவதா, மாதாமாதம் கூடுதல் கட்டணம் கட்டுவதா என்பதைக் குடும்பமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் முடியும் தருவாயில் உள்ள வீடுகளுக்கு விற்பனை அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த அழைப்பு வரும்போது, வேகம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவு ஒன்பது மணிக்கு உள்ளூர் சர்வருக்குத் தாமதம் எவ்வளவு என்றும் கேட்கலாம். தெளிவான எண் ஒன்று பதிலாக வராவிட்டால், கையெழுத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டு, அன்றிரவே ரௌட்டரைக் காப்பறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கலாம்.